காடையின் குடலும் நன்மை தரும் நுண்ணுயிர்களும்

நெற்செய்கையும் மரக்கறிச் செய்கையும் பருவத்தோடு பிணைக்கப்பட்ட தொழில்கள். மழை பிந்தினாலும் மிகுந்தாலும் போகம் கெடும். போகம் கெட்டால் கையிற் காசு இராது. இதனாலேயே கமக்காரக் குடும்பங்கள் வயலோடும் பாத்தியோடும் வேறோர் உபதொழிலையும் சேர்த்துக்கொள்ளுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாக இருக்கின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அண்டி வாழ்வோர்க்கு இத்தேவை இன்னும் பெரிது. லயங்களின் பின்புறத்தில் நான்கு பாத்தி மரக்கறியும், சரிவின் அடியிலே சிறிது வயலும் உள்ள குடும்பத்துக்கு மாடு கட்ட இடமில்லை. கோழியை அவிழ்த்துவிட்டால் அது அடுத்த வீட்டார் பாத்தியைக் கிளறிச் சண்டையைக் கொண்டுவரும். கூட்டிலேயே இருந்து, கூட்டிலேயே உண்டு, கூட்டிலேயே முட்டையிடும் காடை இவ்விடத்துக்கு ஏற்ற பறவையாகும்.

ஆயினும் காடை வளர்க்கத் தொடங்கியோரிற் பலர் இரண்டாம் மூன்றாம் தொகுதிக் குஞ்சுகளோடு மனந் தளர்ந்து விட்டுவிடுகின்றனர். நன்றாயிருந்த குஞ்சுகள் மூன்றாம் கிழமையில் இறக்கையைத் தொங்கவிட்டு, வெள்ளையாகக் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. இத்தகைய இழப்பைத் தடுக்குமென்று சொல்லி, நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய தூள்களும் திரவங்களும் இக்காலத்திற் கடைகளிலே விற்கப்படுகின்றன. புரோபயோட்டிக் என்று அவற்றுக்குப் பெயர். அவை மெய்யாகப் பயன் தருமா, எவ்வகையிற் பயன் தரும், எவ்விடத்திற் பயன் தராது என்பவற்றைக் கமக்காரர் அறிந்து காசைச் செலவிடும்பொருட்டு இப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

பறவையைப் பற்றிச் சில

பழந்தமிழிற் குறும்பூழ் எனப்பட்ட காடை நம்மவர்க்குப் புதிதன்று. ஆனாற் கூட்டில் வளர்க்கப்படுவது காட்டுக் காடையன்று, யப்பானியக் காடையாகும். யப்பானியர் இதனை முதலிற் குரலுக்காகவும் பின்னர் முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் பழக்கினர். இந்தியாவுக்கு இது 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இசட்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டிலே சென்னை நந்தனத்திற் பேணிப் பெருக்கிய இனங்கள் நந்தனம் காடை என வழங்குகின்றன. சிறிய உடலும் விரைந்த வளர்ச்சியும் உடைமையால் ஆராய்ச்சியாளர்க்கும் இது உகந்த பறவை. 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மீர் என்னும் விண்வெளி நிலையத்திற் காடை முட்டைகள் பொரித்தன என்பதைக் கேட்டால் வியப்புண்டாகும்.

பொரித்த அன்று குஞ்சின் நிறை 7 அல்லது 8 கிராம். ஐந்து கிழமையில் அது ஏறத்தாழ 150 கிராமாகின்றது. அதாவது பிறந்தபோதிருந்த நிறையைப்போல் இருபது மடங்கு. ஆறு ஏழு கிழமையிற் பேடு முட்டையிடத் தொடங்கும். முட்டை ஒன்று 10 கிராம் அளவில் இருக்கும். மார்பிற் செம்பழுப்பு நிறம் ஒரேசீராக இருந்தால் அது சேவல். கரும்புள்ளி விழுந்திருந்தாற் பேடு. வளர்ந்த பறவை ஒன்று நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் வரை தீவனம் உண்ணும். 100 பறவைகளுக்கு இரண்டரைக் கிலோ வேண்டும்.

ஐந்து கிழமையில் இருபது மடங்கு வளரும் உடலுக்கு உணவைச் செரித்துக் கொடுப்பது ஒரு சாண் நீளமும் இல்லாத பறவையின் மெல்லிய குடல். அக்குடல் இரண்டு நாள் கெட்டாலும் வளர்ச்சி தடைப்படும். நான்கு நாள் கெட்டாற் பறவையே மிஞ்சாது. கோழிக்குஞ்சு தாங்கும் பிழையைக் காடைக்குஞ்சு தாங்காதென்பதை முதலில் மனத்தில் இருத்துக.

குடலினுள் நிகழ்வது

பயறு, சோயா முதலியவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் அதில் முடிச்சுகளைக் கண்டிருப்பார்கள். அம்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்கு உணவு கொடுக்கின்றது. பறவையின் குடலிலும் இதனை ஒத்த ஓர் உடன்பாடு உண்டு. உணவு முதலில் தங்கும் தொண்டைப் பையிலும் அதன்பின் சிறுகுடலிலும் பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த இலற்றோபசிலசு என்னும் பற்றீரியாக்கள் மிகுந்து வாழ்கின்றன. குடலின் கடைப்பகுதியிலுள்ள இரண்டு குருட்டுக்குடல்களிற் காற்றை வேண்டாத வேறு பல இனங்கள் வாழ்கின்றன. இவை புளிப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அமிலம் மிகுந்த இடத்தில் நோய்ப் பற்றீரியாக்கள் பெருகுதல் அரிது. மேலும் குடற் சுவரில் ஒட்டும் இடங்களையும் அங்குள்ள உணவையும் நல்லவை முன்னரே பிடித்துக்கொண்டால், பின்னர் வரும் தீயவற்றுக்கு இடமில்லாமற் போகின்றது. நெல் அடர்ந்து வளர்ந்த வயலிற் களை தலைதூக்க மாட்டாமை போன்றது இது.

இந்நல்ல பற்றீரியாக்கள் குஞ்சுக்கு எங்கிருந்து வருகின்றன? முட்டையினுள் இருக்கும் குஞ்சின் குடலில் அவை மிகச் சொற்பம். இயற்கையிலே தாய்ப்பறவையின் கீழ் பொரிக்கும் குஞ்சு, தாய் மிதித்த மண்ணையும் தாயின் எச்சத்தையும் கொத்தி முதல் நாளிலேயே அவற்றைப் பெறுகின்றது. கூட்டில் வளரும் யப்பானியக் காடையோ அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. எனவே அதன் முட்டைகளைப் பொரிப்பு இயந்திரத்தில் வைத்து 17 நாள் அளவிற் பொரிக்கச் செய்கின்றோம். பொரித்த குஞ்சு தாயைக் காண்பதே இல்லை. வெறுமையான குடலுடன் அது கூட்டுக்கு வருகின்றது. அந்தக் கூட்டில் முதலில் எதைக் கொத்துகின்றதோ அதுவே அக்குடலிற் குடியேறும். தூய தீவனத்தைக் கொத்தினால் நன்று. முந்திய தொகுதியின் நோயுற்ற எச்சத்தைக் கொத்தினால் முடிவு வேறாகும்.

இவ்வுண்மை கோழிகளிலேதான் முதலில் தெளிவாக நிறுவப்பட்டது. 1971ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் இறைச்சிக் கோழிகளிடையே சல்மனெல்லா இனப் பற்றீரியா ஒன்று பரவியது. அந்நாட்டு ஆராய்ச்சியாளரான நூர்மி, இரந்தாலா என்னும் இருவர், நோயற்ற வளர்ந்த கோழியின் குடலிலுள்ளவற்றை அன்று பொரித்த குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். அவ்வாறு ஊட்டப்பட்ட குஞ்சுகளின் குடலிற் சல்மனெல்லா இடங்கொள்ள இயலவில்லை. இம்முடிவு 1973ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. தாய்ப்பறவை இலவசமாகச் செய்த வேலையை மனிதர் கையாற் செய்து காட்டினர் என்றே இதனைக் கொள்ளலாம். இதற்கு முன்னரே 1907ஆம் ஆண்டளவிற் பாரிசு நகரிலிருந்த மெச்னிக்கோவ் என்னும் அறிஞர் புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் மனிதர் குடலுக்கு நன்மை தருமெனக் கூறியிருந்தார். குடலின் நுண்ணுயிர்ச் சமநிலையைத் திருத்தும்பொருட்டு உணவோடு கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர் என்னும் வரையறை 1989ஆம் ஆண்டு புல்லர் என்பவரால் தரப்பட்டது. உயிருள்ள என்னுஞ் சொல்லே இதில் முதன்மையானது. பின்னர்க் கூறப்படும் எச்சரிக்கைகள் அனைத்தும் அச்சொல்லைப் பற்றியவையே.

இடைக்காலத்தில் உலகம் வேறொரு வழியிற் சென்றது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சிறிய அளவில் நாள்தோறும் தீவனத்திற் கலந்தாற் பறவைகள் விரைந்து வளர்கின்றன என்று 1940களின் இறுதியிற் கண்டுபிடித்தனர். அது பெருவழக்காயிற்று. ஆனால் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகி, மனிதர்க்கு நோய் வரும்போது அதே மருந்து பயன்படாமற் போகும் நிலை தோன்றியது. சுவீடன் 1986ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியிலும் வளர்ச்சிக்கென இம்மருந்துகளைத் தீவனத்திற் சேர்த்தலைத் தடுத்தன. அவ்விடத்தை நிரப்ப வந்தவற்றுள் ஒன்றே நன்மை தரும் நுண்ணுயிர்த் தூள். வீட்டிலே பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தைப் பொடித்துக் காடைத் தண்ணீரிற் கரைத்துவிடும் பழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. அது அறவே கைவிடத்தக்கது. அம்மருந்து நல்ல பற்றீரியாக்களையும் கொன்றுவிடும். முட்டையை உண்போர்க்கும் மருந்தின் எச்சம் சேரும்.

காடை நோய்

மூன்றாம் கிழமையிற் கூட்டை வெறுமையாக்கும் நோய்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று இரத்தக் கழிச்சல் எனப்படும் கொக்சிடியோசிசு; குடற் சுவரில் வாழும் ஒட்டுண்ணியால் வருவது. மற்றையது குடற்புண் நோய். காடைகள் இதற்கு மிக எளிதில் ஆளாவதாற் காடை நோய் என்றே ஆங்கிலத்தில் இதற்கொரு பெயருண்டு. குளோசுத்திரிடியம் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாவே காரணம். நோய் கடுமையாக வந்தால், நன்றாக உண்டு கொழுத்திருந்த பறவையே முன்னறிகுறி எதுவுமின்றி இறந்து கிடக்கும். சற்று மெதுவாக வந்தாற் பறவை சிறகைச் சிலிர்த்துக் கூனி நிற்கும். கண்ணை அரைவாசி மூடும். எச்சம் வெண்மையாக நீர்த்துப் போகும். இளங் காடைகளிற் சில நாளுக்குள் ஒரு கூடு முழுவதும் அழிந்துபோவதுண்டு. இறந்த பறவையை அறுத்துப் பார்த்தாற் குடலிலே சிறு வட்டப் புண்கள் காணப்படும்.

இப்பற்றீரியா உறங்கு வித்துகளை உண்டாக்கி, கூளத்திலும் மண்ணிலும் நெடுங்காலம் பிழைத்திருக்க வல்லது. எச்சத்தின் வழியாகவும் ஈக்களின் வழியாகவும் பரவும். ஆகவே நோய் கண்ட கூட்டின் கூளத்தை வாரி அப்புறப்படுத்தாமல், அதன்மேற் புதுக் குஞ்சுகளை விட்டு, நுண்ணுயிர்த் தூளைத் தூவிப் பயனை எதிர்பார்த்தல் வீண். இத்தூள் நோய்க்கு மருந்தன்று. இதனை எத்தனை தரம் வற்புறுத்தினாலும் தகும். நோய் வந்த பின்னர் வேண்டியது மிருக வைத்தியரின் ஆலோசனை. நோய் வராத கூட்டிற் குடலைத் திடப்படுத்த வேண்டியபோதே தூளுக்கு வேலை.

கோழியையும் காடையையும் ஒரே கொட்டிலில் வளர்த்தல் கூடாது. கோழி சிறிதும் வாடாமற் சுமந்து திரியும் கிருமி காடையைக் கொன்றுவிடும். காட்டிற் பிடித்த காடையைக் கூட்டிற் சேர்த்தலும் அவ்வாறே தீங்கு. வன உயிர்களைப் பிடித்தல் சட்டத்துக்கும் மாறாகும்.

மழை நாட்டின் தனிச் சங்கடம்

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் வந்த வெள்ளங்களை எவரும் மறந்திரார். வெள்ளம் வராத ஆண்டிலுங்கூடக் காற்றில் ஈரம் நீங்குவதில்லை. இவ்வீரத்தாற் காடை வளர்ப்போர்க்கு மூன்று தொல்லைகள் உண்டு. கூளம் நனைந்து நோய் வித்துகளுக்கு இருப்பிடமாகின்றது. தீவனத்திற் பூஞ்சணம் பிடிக்கின்றது. கிணற்றிலும் பீலியிலும் வரும் நீர் கலங்கி அழுக்காகின்றது.

இவற்றுள் பூஞ்சணமே கண்ணுக்குத் தெரியாமற் கெடுப்பது. ஈரச் சோளத்திலும் பிண்ணாக்கிலும் தோன்றும் ஒருவகைப் பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகின்றது. அத்தீவனத்தை உண்ட குஞ்சு வளராது; நோயை எதிர்க்கும் வலிமையும் குன்றும். வெயிலிற் காயவைத்து மணத்தைப் போக்கிவிட்டாலும் நஞ்சு போவதில்லை. நெற்செய்கையாளர் வீட்டில் எளிதிற் கிடைக்கும் தவிடும் இவ்விடத்திற் கவனிக்கற்பாலது. புதுத் தவிடு நல்லுணவு. இரண்டு மூன்று கிழமை வைத்த தவிடு எண்ணெய் சிக்கடித்துக் கசக்கும். வாயிலிட்டுக் கசந்தால் அதனைக் காடைக்குக் கொடாது கூட்டெருக் குழியிற் சேர்க்க.

கூட்டைப் பொறுத்தவரை, வளர்ந்த பறவை ஒன்றுக்கு 200 சதுர சென்றிமீற்றர் இடம் போதும். ஒரு மீற்றர் நீளமும் அரை மீற்றர் அகலமும் உள்ள தட்டிலே 25 பறவைகள் இருக்கலாம். அத்தகைய நான்கு தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் 100 பறவைகள் லயத்தின் பின் தாழ்வாரத்தில் அடங்கிவிடும். தரை கம்பிவலையாக இருத்தல் வேண்டும். எச்சம் கீழே விழுந்தாற் பறவை அதனை மீண்டும் கொத்தாது. குடற்புண் நோயையும் இரத்தக் கழிச்சலையும் தடுக்கும் வழிகளுள் இதற்கு நிகரானது இல்லை. எந்தத் தூளும் இக்கம்பிவலைக்கு ஈடாகாது என்பது எமது துணிபு. முதலிற் கம்பிவலை, பின்னரே தூள்.

முதற் கிழமையில் மட்டும் வலையின்மேற் சொரசொரப்பான தாளை விரித்து, நாள்தோறும் மாற்றுக. வழுக்கும் தாளிற் குஞ்சின் கால் விரிந்துவிடும். வெப்பம் முதல் நாளில் 35 முதல் 37 பாகை செல்சியசு இருக்கவேண்டும். கிழமைதோறும் 3 பாகை வீதம் குறைக்கலாம். குளிர்ந்த குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று ஏறி நெரிந்து சாகும். வெப்பம் மிகுந்தால் மூலைகளுக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவிடும். நீர்த்தட்டிற் கூழாங்கற்களை இட்டுவைத்தாற் குஞ்சுகள் நீரில் விழுந்து இறப்பது குறையும். குஞ்சுத் தீவனத்திற் புரதம் நூற்றுக்கு 24 பங்கு இருத்தல் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் அத்தனை புரதமில்லை; அதிலுள்ள மிகுதியான சுண்ணமும் குஞ்சுக்கு ஆகாது. புரதம் குறைந்த தீவனத்தைக் கொடுத்துவிட்டு வளர்ச்சிக்கு நுண்ணுயிரை நம்புதல், பசளையிடாத வயலிற் களையை மட்டும் பிடுங்கி விளைவை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும்.

தூளை வாங்குமுன்னும் கொடுக்கும்போதும்

இத்தூள்களிற் பெரும்பாலும் மூவகை நுண்ணுயிர்கள் உள்ளன. முதல்வகை இலற்றோபசிலசு முதலிய புளிப்பமிலப் பற்றீரியாக்கள். இவை குடலுக்கு உறவானவை. ஆனால் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் விரைவில் மடிவன. இரண்டாம்வகை பசிலசு இனங்கள். இவை வித்துருவில் இருப்பதால் வெப்பத்தைத் தாங்கும். தீவனத்தை ஆவியிற் பதப்படுத்திக் குருணையாக்கும்போதும் பிழைக்கும். மூன்றாம்வகை மதுவம் அல்லது நொதியம் எனப்படுவது. பாணைப் பொங்கச் செய்யும் அதே இனம். பற்றீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் நொதியத்தைக் கொல்வதில்லை. தோட்டப்புறத்துக் கடையிற் பல நாள் வெப்பத்தில் இருக்கும் பொருளாதலின், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டார்க்கு இரண்டாம்வகையே ஏற்றதென்போம்.

பொதியின்மேல் நுண்ணுயிரின் பெயர், ஒரு கிராமிலுள்ள உயிருள்ள நுண்ணுயிரின் தொகை, காலாவதித் திகதி, எவ்விலங்குக்குரியது என்னும் நான்கும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க. இவை இல்லாத பொதியை, விலை எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க. கூட்டெருவுக்கும் மண்ணுக்கும் விற்கப்படும் நுண்ணுயிர்க் கரைசல்கள் மரக்கறிச் செய்கையாளர் பலர் வீடுகளில் இருக்கின்றன. அவை மண்ணுக்குரியன, பறவைக்குக் கொடுத்தற்குரியனவல்ல.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பொதியில் ஒரு கிராமுக்கு 100 கோடி நுண்ணுயிர் உண்டென்று கொள்வோம். அதில் ஒரு கிராமை ஒரு கிலோத் தீவனத்திற் கலந்தால், தீவனத்தின் ஒவ்வொரு கிராமிலும் 10 இலட்சம் இருக்கும். அளவு பொதிக்குப் பொதி மாறுபடுமாதலின் அதில் எழுதியதையே பின்பற்றுக. இரண்டு பங்கு போட்டால் இரண்டு பங்கு வளர்ச்சி வராது.

ஒரு கிராமை ஒரு கிலோவிற் சீராகக் கலப்பது எளிதன்று. முதலில் தூளை ஒரு கைப்பிடி உலர்ந்த தீவனத்திற் கலந்து, அதனை இரண்டு கைப்பிடியிற் சேர்த்து, பின்னர் நான்கு கைப்பிடியில் என இவ்வாறு பெருக்கிக்கொண்டு போகவேண்டும். கலந்த தீவனத்தை ஒரு கிழமைக்குள் முடித்துவிடுக. சூடான கஞ்சியிலோ வெந்நீரிலோ இட்டால் உயிருள்ளவை இறந்துவிடும். நீரிற் கரைப்பதானால், குளோரின் சேர்ந்த குழாய்நீரை முதல்நாளே வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்திருந்து மறுநாள் பயன்படுத்துக. கிணற்றுநீராயிற் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிடுக. காலையிற் பெரட்டுக்கோ பால்வெட்டுக்கோ செல்லுமுன் வைத்த நீரை, மாலையில் திரும்பியதும் ஊற்றிவிட்டுத் தட்டைக் கழுவுதல் வேண்டும்.

பொதியை எங்கே வைப்பது? நம் வீடுகளில் ஈரம் படாதிருக்க வேண்டிய பொருள்களை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பது வழக்கம். மிளகாய்க்கும் விதைக்கும் அது நல்ல இடம். உயிருள்ள தூளுக்கோ அதுவே சுடுகாடு. இறுக மூடிய போத்தலிலிட்டு வீட்டின் மிகக் குளிர்ந்த இருண்ட மூலையில் வைக்க.

கொடுக்கவேண்டிய காலம் முக்கியமானது. வெறுங்குடலுடன் வரும் குஞ்சுக்கு முதல் நாளிலேயே, முதல் வாய்த் தீவனத்தோடு கொடுப்பதே சிறந்தது. நோய்ப் பற்றீரியா குடியேறிய பின்னர் கொடுத்தாற் பயன் அரிது. அடுத்தபடியாக, கூடு மாற்றும்போதும் கடும் வெப்பத்தின்போதும் நெடுந்தூரம் கொண்டுசென்ற பின்னரும் கொடுக்கலாம். மிருக வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்திருப்பின், அது முடியும்வரை பற்றீரியாத் தூளைக் கொடுத்தல் வீண்செலவு. முடிந்த பின்னர்க் கொடுத்தாற் குடலில் நல்லவை மீளக் குடியேற உதவும்.

தயிர் போதாதா என்று பலர் கேட்கின்றனர். தயிரிலும் மோரிலும் இவ்வினத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள் உண்டு என்பது உண்மையே. ஆனாற் பாலில் வாழப் பழகியவை பறவையின் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை. பாற்சீனியைப் பறவை நன்கு செரிக்கமாட்டாதாதலின் மிகுதியாகக் கொடுத்தாற் கழிச்சல் உண்டாகும். தீவனத்தில் ஈரம் சேர்ந்து பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே வளர்ந்த பறவைகளுக்கு எப்போதாவது சிறிதளவு கொடுப்பதில் தீங்கில்லை. தூளுக்கு மாற்றாகக் கொள்ளுதல் தவறு. கித்துட் கள்ளில் நொதியம் உண்டே, அதைக் கொடுக்கலாமா என்று கேட்போரும் உளர். கேகாலைப் பக்கத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. மதுசாரமும் அழுக்கும் கலந்த அதனைப் பறவைக்குக் கொடாதொழிக.

பயன் உண்டோ என்று அறியும் வழி

காடைகளில் நன்மை தரும் நுண்ணுயிர்களைக் கொடுத்துப் பல நாடுகளிற் சோதனைகள் நடந்துள்ளன. சிலவற்றில் நிறை கூடியது. சிலவற்றில் முட்டை கூடியது. சிலவற்றில் இறப்புக் குறைந்தது. வேறு சிலவற்றில் வேறுபாடே காணப்படவில்லை. துப்புரவான ஆராய்ச்சிக் கூட்டில் வளரும் பறவைக்கு இதனாற் பெரும் பயன் தோன்றாமற் போதலும், நெருக்கடியில் வளரும் பறவைக்குப் பயன் தோன்றுதலும் இயல்பு. ஆகவே உங்கள் கூட்டில் என்ன நடக்கின்றது என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி. அதனை நீங்களே சோதித்து அறியலாம்.

ஒரே நாளிற் பொரித்த 100 குஞ்சுகளை எண்ணிப் பாராது எடுத்து 50 ஐம்பதாக இரண்டு கூடுகளில் விடுக. பெரியவற்றை ஒரு கூட்டுக்குப் பொறுக்கினாற் சோதனை கெடும். தீவனம், வெப்பம், நீர் யாவும் ஒன்றாயிருக்க, ஒரு கூட்டுக்கு மட்டும் தூள் கொடுக்க. தூள் கொடுக்காத கூட்டை முதலிற் கவனித்துவிட்டுப் பின்னரே மற்றையதற்குச் செல்க. கையின் வழியாகவும் நுண்ணுயிர் கடந்து போகும். கொடுத்த தீவனத்தையும் மிஞ்சியதையும் நிறுத்து எழுதுக. கிழமைக்கொருமுறை ஒவ்வொரு கூட்டிலுமுள்ள பறவைகளைச் சமையலறைத் தராசில் நிறுக்க. இறந்தவற்றை நாள் குறித்து எழுதுக. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று இதற்குப் போதும்.

ஒரு காடை ஐந்து கிழமையில் ஏறத்தாழ அரைக் கிலோத் தீவனம் உண்ணும். 50 பறவைக்கு 25 கிலோ. கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் தூள் 25 கிராம் செலவாகும். தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து மிச்சப்பட்டால் அது ஒன்றேகாற் கிலோ. அந்த ஒன்றேகாற் கிலோத் தீவனத்தின் விலையும் சாவாமற் பிழைத்த குஞ்சுகளின் விலையும் சேர்ந்து 25 கிராம் தூளின் விலையை மிஞ்சினால் இலாபம்; மிஞ்சாவிட்டால் நட்டம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது தீவன விலை ஏறிய வேகத்தைக் கண்டவர்க்கு இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

ஒரு முறை பார்த்து முடிவு செய்யவேண்டா. தூள் கொடாத கூட்டில் ஆறு குஞ்சும், கொடுத்த கூட்டில் மூன்று குஞ்சும் இறந்தால், அது தற்செயலாகவும் நேரலாம். அடுத்தடுத்து மூன்று தொகுதிகளில் ஒரே முடிவு வந்தால் அதனை நம்பலாம். கூடுகளின் இடத்தையும் தொகுதிக்குத் தொகுதி மாற்றுக; சுவரோரத்துக் கூடு வெதுவெதுப்பாக இருந்து ஏமாற்றுவதுண்டு.

எச்சமும் பாத்தியும்

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே பின்னர் தளர்த்தப்பட்டபோது, மாட்டெருவுக்கும் கோழி எருவுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை மரக்கறிச் செய்கையாளர் அறிவர். காடை எச்சம் நைதரசன் மிகுந்த எரு. பச்சையாக இட்டால் வேரை எரிக்கும். நோய்க் கிருமியும் இலைக்கறியில் ஒட்டும். தட்டின் கீழுள்ள தகரத்தில் விழும் எச்சத்தை இரண்டு நாளுக்கொருமுறை வழித்து, வைக்கோலும் கிளிரிசீடியா இலையும் சேர்த்துக் குவித்து, மழை படாது மூடி, இடையிடையே புரட்டி, இரண்டு மூன்று மாதம் மக்கவிட்ட பின்னரே பாத்தியில் இடுக. கொட்டிலுக்கு அருகே குவித்தல் ஈயை அழைக்கும். ஈ நோயைக் கொண்டுவரும். குவியல் கொட்டிலிலிருந்து இயன்ற அளவு தூரத்திலும், கிணற்றுக்குக் கீழ்ச் சரிவிலும் இருக்கவேண்டும். நோயினால் இறந்த பறவைகளை இக்குவியலில் இடாது ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க.

ஒரே நாளில் இரண்டு மூன்று பறவைகள் காரணந் தெரியாது இறந்தால் தூளை மாற்றிப் பார்த்துக் காலங் கடத்தற்க. அன்று இறந்த பறவையை இரண்டு பொலிதீன் உறைகளில் இட்டுக் கட்டி, பனிக்கட்டி கிடைத்தால் அதனோடு வைத்து, அன்றைக்கே பிரதேசத்து அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசெல்க. உறையவைத்த பறவையும் முதல்நாள் இறந்து அழுகிய பறவையும் பரிசோதனைக்கு உதவா. கூட்டிலுள்ள பறவைகளின் தொகை, வயது, கொடுத்த தீவனம், கலந்த தூளின் பெயர், வேறு மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொண்டுசெல்க. பொதியின் வெற்றுறையையும் எறியாது உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.